கடைசி அடிக்குப் பிறகு

2024 மாசி மாதத்தில் ஒருநாள் இரவு பதினொன்றேகால் மணிக்கு, பன்னிரண்டு வருடமாக எழுதிவந்த காவியத்தின் கடைசி அடியை எழுதி முடித்தேன். எழுதிய இடம் ஒரு நெல் கொள்முதல் நிலையம். தலைக்கு மேல் தகரக் கொட்டகை. எதிரே களத்தில் தார்ப்பாய் போர்த்திய நெல்மூட்டை அட்டி. அதற்குள் 40 கிலோ வீதம் பிடித்துத் தைத்த சிப்பங்கள். மூன்று நாளாக லாரி வரவில்லை. கிழக்கே மின்னல் வெட்டிக்கொண்டிருந்ததால் வீட்டுக்குப் போக மனம் வராமல் காவலருடன் நானும் தங்கிவிட்டேன். அவர் சாக்குக் கட்டின்மேல் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனார். பில் போடுகிற மேஜையில் ஈரப்பத மீட்டரை ஒதுக்கிவைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன்.

மூட்டை அணைத்து முழங்கால் மடக்கி
நாட்டை நோக்கா தமர்ந்திருந் தனளென்.

இந்த இரண்டு அடிதான். எழுதிவிட்டுச் சீர் பிரித்துப் பார்த்தேன். தளை தட்டவில்லை. பேனாவை மூடிவைத்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்துபோய் அட்டியைச் சுற்றிவந்து, தார்ப்பாயின் முனையில் வைத்த கற்களை ஒவ்வொன்றாகக் காலால் அழுத்திப் பார்த்தேன். அவை எல்லாம் சாயங்காலமே சரியாக வைத்தவைதான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டு. மழை வரவில்லை.

நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர். குறுவை அறுப்பில் கொஞ்ச நாள், சம்பா அறுப்பில் தை தொடங்கிச் சித்திரை வரை வேலை. விவசாயி கொண்டுவந்து கொட்டுகிற நெல்லின் ஈரம் பார்க்கவேண்டும். 17 விழுக்காட்டுக்குள் இருந்தால் தூற்றும் மெஷினுக்குப் போகும். கூடுதலாக இருந்தால் காயவைக்கச் சொல்லவேண்டும். காயவைக்கச் சொல்லும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்ப்பது எனக்கு இன்றுவரை பழகவில்லை. மற்ற மாதங்களில் வேலை கிடையாது. வீட்டிலும் யாரும் கிடையாது. அம்மா 2017இல் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்தது நானும் இந்தக் காவியமும்தான்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு நிற்கும்போது ஒரு சீர் வந்து விழும். குளத்தில் முங்கி எழும்போது, நாலு நாளாகப் பிடிபடாத எதுகை கிடைக்கும். இரவில் ஓட்டுக்கூரையில் மரநாய் ஓடும் சத்தம் கேட்டால், அதைப் பன்னிரண்டாம் காதையில் வைக்கலாமா என்று யோசிப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில், காவியம் என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தது. முடித்த மறுநாள் காலை எழுந்தபோது எந்தக் கேள்வியும் இல்லை. தனிமை என்பது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் நான் தனியாகத்தான் வாழ்ந்தேன்; ஆனால் தனியாக இருந்ததில்லை.

தொடங்கிய வருடம் 2012. அந்த வருடம் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை நடவு இல்லை, அறுப்பு இல்லை, எனக்கும் வேலை இல்லை. வாய்க்காலில் நாணல் காய்ந்து நின்றது. காலையில் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தால் எல்லோரும் ஒரே பேச்சைப் பேசினார்கள்: தண்ணீர் எப்போது வரும்? எனக்கோ, தண்ணீர் அளவுக்குமேல் வந்த ஒரு வருடத்தின் கதை நினைவில் ஓடியது. என் அப்பாயி, அப்பாவின் அம்மா, சொன்ன கதை.

அப்பாயிக்கு ஓர் அக்காள் இருந்தாள். எங்கள் ஊர் கொள்ளிடத்தின் தென்கரையில், அணைக்கரைக்கு மேற்கே இருக்கிறது. ‘ரெத்தாட்சி வருஷத்து வெள்ளம்’ என்று அப்பாயி சொல்வாள். ரக்தாட்சி வருடத்து ஆடி, அதாவது 1924 ஜூலை. கரை உடைந்து, குடிசை போய், பண்ணைக்கு ஆளாக இருந்த குடும்பம் கோயில் மேட்டில் ஏறிப் பிழைத்தது. தண்ணீர் வடிந்த கொஞ்ச நாளில் அக்காள் ஆள் சேர்க்க வந்த ஒரு கங்காணியுடன் நாகப்பட்டினம் போய் மலாயாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாள். அவ்வளவுதான் கதை. கடிதம் கிடையாது, காசு கிடையாது, இருக்கிறாளா செத்தாளா என்ற சேதியும் கிடையாது. அப்பாயி இதைச் சொல்லி முடித்ததும் வெற்றிலைச் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்து முடிவாள். அந்தக் கை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்த நாலு வரியைப் பதினாறு காதையாக, நாலாயிரத்துச் சொச்சம் அடியாக எழுதினேன். காவியத்தில் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. முழுவதும் ‘அவள்’தான். அப்பாயி அக்காளைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. நானாக ஒரு பெயர் வைக்க நாக்கு வரவில்லை.

எழுத எழுத ஆற்றைப் படிக்கவேண்டி வந்தது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி. வயலுக்குப் பாய்கிற பிள்ளை. வடக்கே போவது கொள்ளிடம். மிஞ்சிய தண்ணீரைச் சுமக்கிற பிள்ளை. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, அகலம் அதிகம். கல்லணையிலும், காவிரிக்கு மிஞ்சியதைக் கொள்ளிடத்தின் பக்கமே தள்ளுகிறார்கள். வெள்ளத்தைக் ‘கொள்ளும் இடம்’ என்று எங்கள் பக்கம் பெயர்க்காரணம் சொல்வார்கள். அதனால்தான் பூம்புகாரில் கடலுக்குப் போகும் காவிரியைப் பார்க்க வருகிறவர்கள், இவ்வளவுதானா என்று கேட்கிறார்கள். பாதித் தண்ணீர் வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி, மண்ணியாறு என்று பிரிந்து நெல்லாகிவிட்டது. வெள்ளம் முழுக்கக் கொள்ளிடத்தோடு போய்விட்டது. நான் வளர்ந்தது மிச்சத்தைச் சுமக்கிற ஆற்றின் கரை. வயலுக்குப் பாயாத ஆற்றைப் பற்றிப் பாட்டு கம்மி. அந்தக் குறை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

இரண்டு இடத்தில் பெரிய தப்புச் செய்தேன். முதல் காதையில் ஊர் ஜனம் மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திருப்பதாக எழுதிவிட்டேன். மேட்டூர் அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல்தான் முடிந்தது. 1924இல் யாரும் யாரையும் திறக்கச் சொல்லிக் கேட்கமுடியாது. குடகில் மழை பெய்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. நான் பிறந்து வளர்ந்த காலமெல்லாம் ‘திறப்பு’ என்ற சொல் காதிலேயே கிடந்ததால், அது இல்லாத ஊரைக் கற்பனை செய்யவே தெரியவில்லை. அந்தக் காதையைத் திருத்த ஒரு வருடம் ஆனது. தண்ணீர் வருமுன் மணலில் காது வைத்துக் கேட்கிற ஒரு கிழவனை எழுதிய பிறகுதான் அந்தக் காலம் பிடிபட்டது.

இரண்டாவது தப்பு, கப்பல். டெல்டாவில் எந்த வீட்டிலும் மலாயாவுக்குப் போன கதையைக் கேளுங்கள், ‘ரஜூலா’ என்ற பெயர் வந்துவிடும். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எத்தனையோ வருடம் ஓடிய கப்பல். நானும் அவளை ரஜூலாவில் ஏற்றி நாற்பது அடி எழுதினேன். அந்தப் பெயர் அகவலில், அதாவது ஆசிரியப்பாவில், எவ்வளவு அழகாக உட்கார்ந்தது தெரியுமா! பிறகுதான் அந்தக் கப்பலே 1926இல் கட்டப்பட்டது என்று தெரிந்தது. நாற்பது அடியும் போயிற்று. அதற்குப் பதிலாகக் கப்பலுக்கும் பெயர் இல்லாமல் எழுதினேன். கரையிலிருந்து படகில் கூட்டிப்போய், தூரத்தில் நங்கூரம் போட்டு நின்ற கப்பலில் ஏற்றுகிற காட்சி. பெயர் தெரியாத பெண், பெயர் தெரியாத கப்பல். இப்போது பார்க்கும்போது அதுதான் சரி என்று படுகிறது.

பா வகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எனக்கு மிகவும் பிரியமான விஷயம் இது. விருத்தத்தில் எழுதலாமா என்று முதலில் பார்த்தேன். தேரழுந்தூர் இங்கிருந்து அதிக தூரம் இல்லை. கம்பன் பிறந்த ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு விருத்தத்தைத் தொட எனக்குக் கை நடுங்கியது. நூறு பாட்டு எழுதினேன். எல்லாம் நாலாம் அடியில் வந்து நின்று மூச்சு வாங்கின. என் கதையோ நடக்கிற கதை. அவள் கொள்ளிடக் கரையிலிருந்து நாகப்பட்டினம் வரை நடக்கிறாள். நாலு அடிக்கொரு தரம் நின்றால் எப்போது போய்ச் சேர்வது?

வழி காட்டியது களத்துமேடு. பழைய நாளில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார். எண் மறந்துபோகாமலிருக்க அதையே ராகம்போட்டு இழுத்துக்கொண்டு அடுத்த மரக்காலை மொள்ளுவார். எங்கள் நிலையத்துச் சுமைதூக்கும் அண்ணன்களில் மூத்தவர் ஒருவர் லாரியில் சிப்பம் ஏறும்போது இன்றைக்கும் அப்படித்தான் எண்ணுவார். ஒருநாள் பில் புத்தகமும் கையுமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ‘லாபம் ரெண்டு மூணு நாலு.’ எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாலு சீர். நாலும் தேமா. மா முன் நேர், மா முன் நேர், மா முன் நேர். ஓர் அகவலடி, இலக்கணம் பிசகாமல், நெல் மூட்டைக்கு மேல் நடந்து போகிறது! இத்தனை நாள் நான் ஏட்டில் தேடியது அவர் தொண்டையில் இருந்தது. அன்று இரவே நிலைமண்டில ஆசிரியப்பாவில் தொடங்கினேன். பிறகு பா மாறவில்லை.

முடிவைப் பற்றி மட்டும் மூன்று வருடம் குழம்பினேன். அகவல் ‘ஏ’ என்று முடிவது சிறப்பு. ‘ஏ’ போட்டால் வாய் திறந்து நிற்கும். கூப்பிடுகிற மாதிரி இருக்கும். சிலப்பதிகாரத்தில் காதை பலவும் ‘என்’ என்று முடிகின்றன. நிலைமண்டிலத்துக்கு அதுவே எடுப்பு. ‘என்’ என்றால் உதடு திறந்து, நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கதவைச் சாத்துகிற ஒலி. அவளைக் கூப்பிடுவதா, கதவைச் சாத்துவதா? அப்பாயி சுருக்குப்பையை முடிந்ததை நினைத்து ‘என்’ போட்டேன். சாத்தியாயிற்று என்று நினைத்தேன்.

முடித்த இரண்டாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். தாயார் சன்னதிக்கு எதிரே கம்பன் அரங்கேற்ற மண்டபம் இருக்கிறது. எத்தனையோ முறை பார்த்ததுதான். அன்று அதன் எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதி முடித்ததோடு நூல் முடிந்ததாக நம் ஆட்கள் என்றைக்குமே எண்ணவில்லை. சபையில் சொல்லி, கேட்டவர்கள் கேள்வி கேட்டு, பதில் சொல்லி, அப்புறம்தான் அது நூல். எங்கள் பக்கத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எழுதும்போதுகூடத் தனியாக இருந்ததில்லை. அவர் வாயால் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுத, தல புராணங்கள் அப்படியே பாட்டுப் பாட்டாக வந்து விழுந்தன என்று அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். உத்தமதானபுரத்துப் பையன் அப்படி எழுதிக்கொண்டே பாடம் கேட்டார். பிள்ளைக்கு ஒரு சொல் வாயிலிருந்து போனதும் கேட்க ஒரு காது இருந்தது. நான் பன்னிரண்டு வருடம் ஒரு காதுக்கும் சொல்லாமல் எழுதிவிட்டேன். மண்டபத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது பையிலிருந்து நோட்டை எடுக்கவே இல்லை. கூட்டம் வந்தது, போயிற்று. வெளியே வந்து பஸ் ஏறினேன்.

கொள்முதல் நிலையத்தில் சிந்தின நெல்லைக் கூட்டி எடுக்க ஓர் ஆயா வரும். எண்பதைத் தாண்டிய வயது. விளக்குமாறு, முறம், ஒரு பழைய சிமெண்டுச் சாக்கு; இவ்வளவுதான் அதன் சாமான். மெஷினுக்கு அடியில் கல்லும் கருக்காயும் கலந்து கிடக்கிற நெல்லைக் கூட்டி, காற்று வரும் பக்கம் நின்று தூற்றும். சாயங்காலம் நாலைந்து படி தேறும். கண் சரியாகத் தெரியாது. முறத்தில் விழுகிற சத்தத்தை வைத்தே நெல்லா கருக்காயா என்று சொல்லிவிடும்.

பங்குனியில் ஒருநாள் சாயங்காலம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், நான் கடைசிக் காதையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னா தம்பி, அப்பலேருந்து முணுமுணுன்னுட்டு இருக்க? மந்திரமா?”

“இல்ல ஆயா. ஒரு கதை. பாட்டா எழுதியிருக்கேன்.”

“சத்தமா சொல்லேன். எனக்கும் காது இருக்குல்ல.”

இப்படித்தான் என் அரங்கேற்றம் தொடங்கியது. முதலில் இருந்து சொன்னேன். பழைய சொல் வருகிற இடத்தில் ஆயாவின் முறம் நின்றுவிடும். பேச்சில் விளக்கிச் சொன்னதும் மறுபடி அசையும். நடவு வருகிற காதையில், நான் எழுதியிருந்த குலவை வயலின் எந்தப் பக்கம் தொடங்கும் என்று திருத்தியது. எழுதிக்கொண்டேன். பதினோரு சாயங்காலம் ஆயிற்று. கடைசி நாள் கப்பல் காதையைச் சொல்லி, ‘அமர்ந்திருந் தனளென்’ என்று நிறுத்தினேன். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆயா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தது.

“பாவம் அந்தப் பொண்ணு” என்றது. பிறகு, “ஏன் தம்பி, அந்த மாட்ட அவுத்து வுட்டாளா இல்லியா?”

எனக்கு முதலில் எந்த மாடு என்றே தெரியவில்லை.

ஒன்பதாம் காதை. வெள்ளம் வருகிற இரவு. அவள் பண்ணையின் மாட்டுக்கொட்டகைக்குள் ஓடுகிறாள். முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு மாடு கட்டுத்தறியில் நிற்கிறது. அதன் நெற்றியில் கை வைக்கிறாள். அதன் கண்ணில் லாந்தர் வெளிச்சம் தெரிகிறது. அந்தக் கண்ணைப் பற்றி மட்டும் பதினெட்டு அடி எழுதியிருந்தேன். காவியத்திலேயே நல்ல இடம் அதுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு. வெளியே அப்பன் கத்திக் கூப்பிடுகிறான். அவள் ஓடுகிறாள். காதை முடிகிறது. பத்தாம் காதை கோயில் மேட்டில் விடிகிறது. மாட்டைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. ஏழு வருடமாக அது தண்ணீரில் கட்டிக் கிடந்திருக்கிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“எழுதலை ஆயா” என்றேன்.

“தண்ணி வந்தா மொத வேல அதுதானே தம்பி. புள்ளையத் தூக்குற கையோட மாட்ட அவுக்கணும். எழுவத்தேழு பொயல்ல எங்க தெருக்கோடி வூட்ல மறந்துட்டாங்க. மறாநாளு போயி பாத்தா கட்டுத்தறியிலயே சாஞ்சு கெடந்துச்சு. அந்தப் பொம்பள சாவுற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லி அழுதுச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா அது பண்ணை மாடுல்ல? அவுத்து வுட்டு அது போயிடுச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்று கேட்டுவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டது.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஆயா கேட்ட இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்குப் பாதுகாப்பு என்று ஒரு சட்டம் வந்ததே 1952இல்தான். 1924இல் பண்ணை மாடு ஒன்று போயிற்றென்றால், அந்த விலை ஆள் குடும்பத்தின் தலையில் ஏறும். பிள்ளை தலைக்கும் இறங்கும். அவிழ்க்காவிட்டால் மாடு சாகும். அவிழ்த்தால் இவள் திரும்ப அந்த ஊரில் நிற்கமுடியாது. அவள் எதற்காகக் கப்பல் ஏறினாள் என்பதற்கு நான் எழுதியிருந்த காரணம் வெள்ளத்துக்குப் பிறகு வந்த பசி. பசி எல்லோருக்கும்தான் வந்தது. அப்பாயி போகவில்லையே. அக்காள் மட்டும் ஏன் போனாள்?

இது என் குடும்பத்தில் நடந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் காவியத்துக்குள் இதுதான் நடந்தது. எழுதினவனுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் நோட்டுகளை முதலிலிருந்து புரட்டினேன். கொள்முதல் முடிந்து களம் காலியாகிவிட்டது. ஜூன் 12 வந்தது. மேட்டூரில் தண்ணீர் இல்லை, திறக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சொந்தக் காவியத்தைப் பிறர் நூலைப்போலப் படித்தேன். பதினாலாம் காதையில், கப்பலேறுகிறவர்களைத் தங்கவைக்கும் நாகப்பட்டினம் டிப்போவில், பெயர் பதிந்துகொள்ள வரிசையில் நிற்கும் இடத்தில் ஓர் அடி:

முறுக்கிய கயிற்றால் மூட்டை கட்டி

இதை எழுதிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ‘மூட்டை’ முதலில் வந்துவிட்டது. அதற்கு மோனை வேண்டும். ‘மு’வில் ஒரு சொல் தேடினேன், ‘முறுக்கிய’ கிடைத்தது. முறுக்கியது என்றால் கயிறு. மோனைக்காக வந்த கயிறு. சும்மா வந்த சொல் என்று அதை நான் கொஞ்சம் இளப்பமாகக்கூட நினைத்ததுண்டு. திருத்தும்போது எடுத்துவிடலாம் என்று ஓரத்தில் பென்சிலால் சுழித்து வைத்திருந்தேன். குடிசை, பாய், பாத்திரம் எல்லாம் வெள்ளத்தில் போன ஒருத்திக்கு அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது? திண்ணையில் எழுந்து நின்றுவிட்டேன். அது மாட்டின் தும்பு. கையோடு வந்திருக்கிறது. ஊரிலிருந்து நாகப்பட்டினம் வரை அவள் அதை விடவே இல்லை. கடைசி அடியில் மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே ஒரு மூட்டை, அதைக் கட்டியிருப்பதும் அதுதான். அவள் நாட்டை ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பென்சில் சுழியை ரப்பரால் அழித்தேன். ஒன்பதாம் காதையின் முடிவில் முப்பத்து நாலு அடி சேர்த்தேன். மாட்டின் கண்ணைப் பற்றிய பதினெட்டில் பத்தை எடுத்துவிட்டேன், அழகாகத்தான் இருந்தன. கடைசிக் காதையில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

2024 ஜூலை கடைசியில் எல்லாம் தலைகீழாயிற்று. கர்நாடகத்தில் மழை கொட்டி, ஜூலை 30இல் மேட்டூர் 120 அடியை எட்டியது. உபரித் தண்ணீர் முழுக்கக் கொள்ளிடத்தில் வந்தது. எங்கள் ஊர்க் கரையில் நின்று பார்த்தேன். எதிர்க்கரை தெரியாத அளவுக்குச் செம்பழுப்பாகத் தண்ணீர். வேரோடு வந்த மரங்கள், வாழை, ஒரு பிளாஸ்டிக் குடம். கரையோரத்தார் மாடுகளை இரண்டு நாள் முன்னாடியே மேட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். ரெத்தாட்சி வருஷத்துக்கு இது நூறாவது ஆடி.

ஆகஸ்ட் 3, பதினெட்டாம் பெருக்கு. ஆயா வீடு கரைக்கு உள்பக்கம், நாலாவது தெரு. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, பேத்தி கொண்டுவந்து வைத்த காப்பரிசியை ஒவ்வொரு வாயாக மென்றுகொண்டிருந்தது. எனக்கும் ஒரு கிண்ணத்தில் வந்தது.

“ஆயா, அந்த மாடு விஷயம் எழுதிட்டேன்” என்றேன்.

“எங்க, சொல்லு.”

கட்டிய கயிற்றைக் கழற்றி விட்டாள்;
எட்டிய தூரம் எல்லாம் தண்ணீர்;
கழுத்தின் கயிறு கையில் நிற்கப்
பழுப்புநீர் ஊடே பாய்ந்தது மாடு.

இதிலிருந்து தொடங்கி முப்பத்து நாலு அடியும் சொன்னேன். தும்பு கையில் தங்கியதைச் சொன்னேன். அப்பன் அதைப் பார்த்ததையும், ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொன்னேன். ஆயா மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. தெருக்கோடியில் பெண்கள் முளைப்பாரியும் தாம்பாளமுமாகக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீரின் இரைச்சல் அங்கேவரை கேட்டது.

“கயிறு இல்லாமத்தான் போச்சா?” என்று கேட்டது ஆயா.

“ஆமா ஆயா. கயிறு அவ கையில.”

“அப்பன்னா எதுலயும் மாட்டாது. எங்கயாச்சும் கரையேறியிருக்கும்” என்றது. கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, “சாப்புடு தம்பி, நமுத்துப் போவுது” என்றது.